யாழ்ப்பாணத்தில் ஆறு நாள், நான்கு பிலிம் ரோல்

பிப்ரவரி 13, வியாழன்

பலாலி விமான நிலையத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. திருச்சி வெயிலில் வளர்ந்தவளுக்கு வெயில் புதிதில்லை, ஆனால் இது வேறு வெயில். எங்கள் ஊர் வெயிலில் ஒரு மஞ்சள் இருக்கும், இது சுத்த வெள்ளை. மலை கிடையாது, மேடு கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை, பனைக்கு மேலே நேராக வானம்.

கையில் மாமா கொடுத்த பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமரா, ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ், நான்கு பிலிம் ரோல். இரண்டு கலர், ஐஎஸ்ஓ 200 (ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வெளிச்ச உணர்வுக்கான எண்). இரண்டு கறுப்பு வெள்ளை, ஐஎஸ்ஓ 400. பிலிம் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் கூட்டினால் கலரில் ஒரு படத்துக்கு 50 ரூபாய் ஆகிறது, நம்ம ஊர் ரூபாய். ஊரில் இருந்தால் வேலை, வீடு என்று கேமரா அலமாரியிலேயே கிடக்கும். ஆறு நாள் வேறு எதுவும் செய்யாமல் எக்ஸ்போஷரும் (பிலிமில் எவ்வளவு வெளிச்சம் விடுவது) பிரேமும் (படத்துக்குள் எதை வைப்பது) மட்டும் பழக வேண்டும் என்றுதான் கிளம்பி வந்தேன்.

நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அறை. வீட்டுக்கார அன்ரி (இங்கே ஆன்ட்டி இல்லை, அன்ரி) வாசலிலேயே, "வாங்கோ பிள்ளை, முதல்ல சாப்பிடுங்கோ, பேந்து கதைப்பம்" என்றார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கணவாய்க் கறி. குழம்பில் யாழ்ப்பாணத்துத் தூள் வாசம் தூக்கலாக இருந்தது. இரண்டாம் முறை சோறு போட வந்தபோது வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

மூன்று மணிக்குக் கோட்டை. 1618-இல் போர்த்துக்கீசர் கட்டத் தொடங்கி, பிறகு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஐங்கோணமாக மாற்றிக் கட்டியது. மதில் முழுக்கப் பவளக் கல். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் கடல் விட்டுப்போன சின்னச் சின்னத் துளைகள், சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு துளைக்கும் தனியாக ஒரு நிழல். அங்கேயே பதினைந்து படம் போய்விட்டது. அப்புறம் சந்தைக்கு நடந்தேன். பனம்பழச் சாற்றைக் காயவைத்த பனாட்டு, காய்ந்த பனங்கிழங்கான ஒடியல், ஓலைக் குட்டானில் பனங்கட்டி. தகரக் கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில் புகையிலைக் கட்டு மேல் கோடு போட்டிருந்தது. கடைக்காரர்கள் படம் எடுப்பதைத் தடுக்கவில்லை. "எந்தப் பேப்பருக்கு?" என்று மட்டும் கேட்டார்கள். எந்தப் பேப்பருக்கும் இல்லை, எனக்குத்தான் என்றதும் ஒருவர் பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

இருட்டும் நேரத்தில் படங்களை எண்ணும் கவுன்டர் 36-க்கு வந்தது. பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளினேன், 37. இன்னொரு தடவை, 38. பிலிம் முடிந்தால் லீவர் இறுகி நின்றுவிட வேண்டும், இது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. அடிப் பொத்தானை அழுத்தி, பிலிமைத் திருப்பிச் சுற்றும் இடப்பக்கக் குமிழைக் கொஞ்சம் சுழற்றிப் பார்த்தேன். குமிழில் கொஞ்சம்கூட இழுப்பே இல்லை. உள்ளே பிலிம் அறுந்திருந்தால் கதவைத் திறந்ததும் எல்லாம் வெளிச்சம் பட்டுப் போகும். திறக்கவில்லை. தூக்கமும் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் இடியப்பம், சொதி, சம்பல். அன்ரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "உதுக்கு ஏன் பிள்ளை முகம் வாடியிருக்கிறியள், ரவுணுக்குள்ள பழைய ஸ்டூடியோ ஒண்டு இருக்கு" என்று வழி சொன்னார்.

ஓட்டோக்காரர் ஊர் கேட்டார். திருச்சி என்றேன். வண்டியை மெதுவாக்கித் திரும்பியே பார்த்துவிட்டார். குடும்பத்தோடு கொட்டப்பட்டு அகதி முகாமில் பல வருஷம் இருந்தவராம், ஏர்போர்ட் ரோடு, கே.கே. நகர் எல்லாம் எனக்கு முன்னால் அவர் சொல்கிறார். இறங்கும்போது 300 என்றார், 500 நீட்டினேன், மீதி 200-ஐக் கையில் திணித்துவிட்டுத்தான் போனார்.

ஸ்டூடியோ இப்போது பாஸ்போர்ட் படமும் லேமினேஷனும்தான். உள்ளே எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா. கேமராவை வாங்கிக் குமிழை இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கம் ஒரு சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு காலத்தில் அது டார்க் ரூம், இப்போது காகிதக் கட்டுகள் வைக்கும் இடம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கேமராவின் முதுகுக் கதவு அகலத் திறந்திருக்க, அப்படியே பட்டப்பகல் வெளிச்சத்துக்குள் வந்து நின்றார். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது.

"பயப்படாதேங்கோ. இஞ்ச பாருங்கோ."

பிலிமின் நாக்கு, நான் நேற்று மதியம் இழுத்துவிட்ட அதே நீளத்தில், சுருளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றும் உருளையின் இடுக்கில் அது மாட்டவே இல்லை. முப்பத்தெட்டுத் தடவை ஷட்டர் திறந்து மூடியிருக்கிறது, பிலிம் ஒரு அங்குலம் நகரவில்லை.

"கொழுவேல்லை பிள்ளை. பிலிமுக்கு ஒரு சேதமும் இல்லை. அதைத் திருப்பிப் போடலாம்."

படத்துக்கு 50 ரூபாய் என்று நான் போட்ட கணக்குப்படி நஷ்டமே இல்லை. ஆனால் கோட்டைக் கல்லும் புகையிலை மேல் விழுந்த வெயிலும் போச்சு. ஐயா என் கையாலேயே பிலிமைப் போட வைத்தார். நாக்கை இடுக்கில் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி, பல் துளையில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவை மூட வேண்டும். மூடியதும் இடப்பக்கக் குமிழை லேசாகத் திருப்பி பிலிமின் தளர்வை எடுத்துவிட வேண்டும். அப்புறம் லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழ் தானாகச் சுற்றினால் பிலிம் ஓடுகிறது, சுற்றாவிட்டால் ஓடவில்லை. "ஒவ்வொரு படத்துக்கும் கண் ஒருக்கால் குமிழில படவேணும்" என்றார். நாலு தடவை கழற்றிப் போட வைத்தார்.

காசு கொடுக்கப் போனேன். பிளேன்ரீ (பால் விடாத டீ) வாங்கித் தரச் சொன்னார். பக்கத்துக் கடையில் இரண்டு பிளேன்ரீ, இரண்டு ரோல்ஸ், மொத்தம் 400 இலங்கை ரூபாய். டீ குடித்துக்கொண்டே கேட்டேன், எக்ஸ்போஷர் எப்படிப் பழகினீர்கள், வெளிச்சம் அளக்கும் மீட்டர் வைத்திருந்தீர்களா என்று.

"மீட்டரோ? தொண்ணூறுகளில இஞ்ச பற்றரியே தடை பிள்ளை. கரண்ட் இல்லை. ரேடியோவைச் சைக்கிள் டைனமோவில கொழுவிக் கேட்ட சனம் நாங்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வாற சனத்தை வாசலடியில இருத்தி, நிழலைப் பார்த்துத்தான் எடுத்தனான். பிலிம் கிடைக்கிறதே பெரிசு, ஒண்டையும் பிழைக்க விடேலாது."

பிழைக்க விடுவது என்றால் இங்கே தவறிப்போக விடுவது. அந்தச் சொல்லையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் நல்லூர்க் கோயிலுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் ஒரு ரூபாய்தான்.

பிப்ரவரி 15, சனி

ஒன்பது மணிக்கு ஐயா ஸ்டூடியோ வாசலுக்கு வரச் சொன்னார். பாடம் தெருவில்தான். எதிரே தரையில் விழுந்திருந்த மின்கம்பத்தின் நிழலைக் காட்டினார்.

இதை முடிந்தவரை அவர் சொன்ன மாதிரியே எழுதி வைக்கிறேன், எனக்கே பின்னால் தேவைப்படும். நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டினது போலிருந்தால் எஃப் 16 (எஃப் என்பது லென்ஸ் திறப்பின் எண், எண் கூடினால் திறப்பு சின்னது). நிழல் கறுப்பாக இருக்கிறது, ஆனால் விளிம்பு மசங்கலாக இருந்தால் எஃப் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தால் எஃப் 8. நிழலே இல்லாத மூட்டமான வானம் என்றால் எஃப் 5.6. வெயில் நேரடியாகப் படாத, ஆனால் வானம் திறந்திருக்கும் மரநிழலில் ஆள் நின்றால் எஃப் 4. ஷட்டர் வேகத்தைப் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். 200 பிலிம் என்றால் 1/250 வினாடி, 400 என்றால் 1/500. பழைய பிலிம் பெட்டி உள்பக்கத்தில் சூரியனும் மேகமும் வரைந்து இதைத்தான் போட்டிருப்பார்கள். நானும் எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் படித்தபோது அது வானத்தைப் பற்றிய விதியாக இருந்தது, ஐயா தலையைக் குனிந்து தரையைப் பார்க்க வைத்தார். தரையைப் பார்த்தால் தப்பு வருவதில்லை, ஏனென்றால் வானத்தில் மேகம் எவ்வளவு என்று நம் கண் பழகி ஏமாந்துவிடும், நிழலின் விளிம்பு ஏமாற்றாது.

இதையெல்லாம் தூக்கிக்கொண்டு பொது நூலகத்துக்குப் போனேன். பதினொரு மணி வெயில். கண் கூசும் வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி. வாசலில் நிழல் கத்தி மாதிரி விழுந்திருந்தது. அப்படியென்றால் எஃப் 16, 1/250. கேமராவைத் தூக்கிக் கட்டடத்தைப் பிரேமில் நிரப்பினேன், மீட்டர் முள் 1/1000 என்றது. இரண்டு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது, அல்லது பாதியாவது).

மீட்டருக்கு நூலகமும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் நினைத்துக் கணக்குப் போடும். வெள்ளையைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும், வெள்ளை சாம்பலாகும். கறுப்பைக் காட்டினால் கூட்டிவிடும், அதுவும் சாம்பலாகும். 1981 ஜூன் தொடக்கத்தில் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் அளவுக்கு இங்கே போயின, ஏட்டுச் சுவடிகளோடு. இந்தக் கட்டடத்தைச் சாம்பல் நிறத்தில் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. 1/250-இல் எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் 1/1000-இல் இன்னொன்று.

குமிழ் இரண்டு தடவையும் சுற்றியது.

மதியத்துக்குப் பிறகு மறுபடி கோட்டை. அதே கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. வேறு கல் கிடைத்தது. இன்றைக்கு அங்கே நான்கு படம் மட்டும்தான் எடுத்தேன். மாலை நல்லூரில் ஐஸ்கிரீம், நெல்லி சர்பத், 600 ரூபாய். பக்கத்து மேசையில் ஏழெட்டுப் பேர் கொண்ட குடும்பம், தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பாட்டி ஒருவர் மட்டும் என் தட்டைப் பார்த்து, "இவ்வளவுதானோ?" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நயினாதீவு. பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், தண்ணீரில் வரிசையாக நட்ட கம்புகள். சிறகுவலை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பஸ் ஜன்னலுக்கு வெளியே நீட்டி இரண்டு படம். படகு ஏறும் குறிகாட்டுவானுக்குப் போகப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், பாதி தூரம் நின்றபடி.

படகில் ஏறியபோது மீட்டர் முள் அசையவில்லை. வெயிலைக் காட்டினாலும் அசையவில்லை, நிழலைக் காட்டினாலும் அசையவில்லை. காரணம் உடனே புரிந்தது. இந்தக் கேமராவில் மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது, லென்ஸில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும், மூடியைப் போட்டால்தான் பேட்டரி மிஞ்சும். மூன்று நாளாக மூடி என் கைப்பையின் அடியில் கிடந்தது. நல்லவேளை, ஷட்டருக்குப் பேட்டரி தேவையில்லை.

படகு அடித்தளத்தில் ஜன்னல் ஓரம் இடம். ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டைக்குள் பாதி மறைந்து ஒரு குழந்தை. அலை தூக்கிப் போட்டதில் என் முகம் மாறியதைப் பார்த்த எதிர் இருக்கை அம்மா ஒன்றும் கேட்காமல் பாதி எலுமிச்சம்பழத்தை என் மூக்கடியில் நீட்டினார். கரை வரும்வரை அதை முகர்ந்துகொண்டே வந்தேன். குழந்தையை ஒரு படம் எடுத்தேன், வெளிச்சத்தைக் குத்துமதிப்பாக எஃப் 5.6 என்று வைத்து. உள்ளே இன்னும் இருட்டு என்று அப்போதே சந்தேகம்தான்.

தீவில் இறங்கியதும் முதலில் தரையைப் பார்த்தேன். கடல் காற்றோடு மெல்லிய மேகம், என் நிழலின் தலைப்பக்கம் மசங்கியிருந்தது. எஃப் 11, 1/500. நாகபூஷணி அம்மன் கோபுரம், படித்துறை, காவடி மாதிரி தோளில் மூட்டை போட்டு நடந்த ஒரு கிழவர், எல்லாமே அதில்தான். மீட்டர் இல்லாததால் ஒன்று நடந்தது. கண்ணை வியூஃபைண்டரில் வைத்து முள்ளைத் துரத்திக்கொண்டு நிற்கும் நேரம் மிச்சமாயிற்று. கேமராவைத் தூக்கும் முன்பே எண்கள் முடிந்துவிட்டன, தூக்கிய பிறகு பார்க்க வேண்டியது ஓரங்களை மட்டும்: யாருடைய கை வெட்டுப்படுகிறது, எந்தக் கம்பி தலைக்குப் பின்னால் முளைக்கிறது, அரையடி இடது பக்கம் நகர்ந்தால் கோபுரமும் பனையும் பிரிந்து நிற்குமா. பிரேம் என்று இத்தனை மாதம் நான் செய்ததெல்லாம் நடுவில் ஆளை நிறுத்துவது. இன்றைக்குத்தான் ஓரம் என்று ஒன்று இருப்பது கண்ணில் பட்டது.

கோயிலுக்குள் கேமராவைப் பையில் வைத்துவிட்டேன். அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம், சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கறி, பாயசம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிங்களப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, அவர் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார், நான் குடித்தேன்.

திரும்பும்போது முகம், கை எல்லாம் உப்பும் எரிச்சலும். ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

கைக்கடிகாரக் கடையில் பட்டன் பேட்டரி 150 ரூபாய். போட்டதும் முள் உயிர் பெற்றது. இனி இதை நம்பி எடுப்பதில்லை என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன், முதலில் நானே ஒரு எண் சொல்வது, அப்புறம் மீட்டரைப் பார்ப்பது. வேப்பமர நிழல்: நான் எஃப் 4, மீட்டரும் ஏறத்தாழ அதே. ஓலை வேலிச் சந்து: நான் 5.6, மீட்டர் 4. கிணற்றடி: சரி.

அன்ரி வீட்டில் மதியம் ஒடியல் கூழ். நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் ஒடியல் மாவில் கொதித்துத் தடித்து, பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்தார். ஓலையின் மடிப்பு வழியாகச் சூடு உள்ளங்கைக்கு இறங்குகிறது, மிளகாய்க் காரம் காதுவரை ஏறுகிறது. நண்டுக் காலைக் கூழுக்குள்ளேயே தேடிப் பிடித்து உறிஞ்ச வேண்டும். மூன்று பிளா குடித்தேன். படம் எடுக்கவே தோன்றவில்லை.

மாலை பண்ணைக் கடலோரம். ஐயாவும் சைக்கிளில் வந்தார். ஆறு மணி தாண்டி வெயில் சிவந்து, சிறகுவலைக் கம்புகள் தண்ணீரில் கறுப்புக் கோடாக நின்றன. பாதி வானம், பாதி கடல் என்று பிரேம் வைத்து அவரிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"ஏன் நடுவில கதியால் போடுறியள்? அண்ணன் தம்பிக்குக் காணி பிரிச்சுக் குடுக்கிற மாதிரி இருக்கு. உங்களுக்கு எது வேணும், வானமோ தண்ணியோ? வேணுமெண்டதுக்குக் கூடக் குடுங்கோ."

கதியால் என்றால் இங்கே வேலிக்கு நடும் கம்பு. தண்ணீர்தான் வேண்டும் என்றேன். கேமராவைத் தாழ்த்தினேன், வானம் மேலே நாலு விரல் அகலத்துக்குச் சுருங்கியது, கம்புகளின் பிம்பம் கீழ் ஓரம்வரை நெளிந்து வந்தது. ஊர் தட்டையாக இருப்பதால் இங்கே எந்தப் படத்திலும் தொடுவானம் ஒரு வேலி மாதிரி குறுக்கே விழுந்துவிடுகிறது. அந்த வேலியை எங்கே நடுவது என்பதிலேயே பாதிப் படம் முடிந்துவிடுகிறது என்று வீட்டுக்கு நடக்கும்போது தோன்றியது. கொசு பிடுங்கி எடுத்துவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

கறுப்பு வெள்ளை ரோலில் கடைசி ஒரு படம் மிச்சம். சொல்லிவிட்டுப் போக ஸ்டூடியோவுக்குப் போனேன். ஐயா கடை வாசற்படியில் நின்றார், நான் உள்ளே. அவருக்குப் பின்னால் தெரு முழுக்கக் காலை வெயில், முகம் கடைக்குள்ளிருக்கும் இருட்டில். அப்படியே எடுக்கவா என்று கேட்டேன். "உங்கட விருப்பம்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மீட்டர் மொத்தப் பிரேமுக்கும் 1/500, எஃப் 11 என்றது. அப்படி எடுத்தால் தெரு வரும், ஆள் கறுப்பு உருவமாகிவிடுவார். அவர் முகத்துக்கு அருகே, அதே நிழலில் என் உள்ளங்கையை நீட்டி அதை மட்டும் அளந்தேன், 1/125, எஃப் 5.6. உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளுப்பு, அதனால் ஒரு ஸ்டாப் கூட்டி 1/60. முதல் எண்ணுக்கும் இதற்கும் ஐந்து ஸ்டாப். தெரு வெளிறட்டும். கதவு நிலையில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து அழுத்தினேன். ஐயா என் கேமராவின் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 28, வெள்ளி, திருச்சி

சென்னை லேபுக்குக் கூரியரில் அனுப்பிய நான்கு ரோலும் இன்று வந்தன.

படகுக் குழந்தை போச்சு. கருநிழலில் மணல் மணலாக, முகம் எது சட்டை எது என்று தெரியவில்லை. நிழலில் வெளிச்சம் பதியாவிட்டால் பிலிமில் அங்கே ஒன்றுமே இருக்காது, பிறகு யாராலும் அதைக் கொண்டுவர முடியாது. பஸ் ஜன்னல் படம் இரண்டும் ஆட்டம். நயினாதீவில் மீட்டர் இல்லாமல் எடுத்த பதினேழில் பதினைந்து நன்றாக வந்திருக்கின்றன. பண்ணைக் கம்புகள் நான் நினைத்ததைவிட வடிவு, அதாவது அழகு. இந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நூலகப் படம் இரண்டையும் ஸ்கேனில் பார்த்தால் முதலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, லேப் ஸ்கேனர் இரண்டையும் ஒரே வெளிச்சத்துக்கு இழுத்துவிட்டது. நெகட்டிவை ஜன்னலில் பிடித்தபோதுதான் தெரிந்தது. 1/1000 எடுத்தது நீர்த்த மோர் மாதிரி, மரத்தடியில் வெறுமை. 1/250-இல் இலை இலையாக இருக்கிறது, சுவர் அடர்த்தியாக நிற்கிறது.

சாயங்காலம் ஐயாவுக்கு போன் செய்தேன்.

"கண் தெரியுதோ?" இதுதான் முதல் கேள்வி.

"தெரியுது ஐயா. கண்ணாடிக்குள்ளே நல்லா தெரியுது."

"தெரு?"

"வெளிறிடுச்சு. எதிர்க் கடைப் பலகையைப் படிக்க முடியலை."

"அது எனக்குத் தெரிஞ்ச கடைதானே" என்றார். அப்புறம் பிரிண்ட் போட்டால் ஒன்று அனுப்பச் சொன்னார், மட்டை வைத்து, மடங்காமல்.